நிமிடத்துக்குப் பத்து

தோட்டப்பாளையம். மூன்றாவது மாடி.
கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்.
இரவு ஒன்றரைக்கும் சுவர் சுடுகிறது.
பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வருமென்று
ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம்;
வந்தது கொசு.

கீபோர்டைக் குப்புறப் போட்டு
புருவம் திருத்தும் இடுக்கியால் இரண்டு புள்ளிகளைத் தொட்டேன்.
டிங்.
பழைய ஃபர்ம்வேர் வழிவிட்டது. புதியதை ஏற்றினேன்.
விளக்கு எரியவில்லை.

பெனினா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்,
ஐசியூவில் பன்னிரண்டு மணிநேரம் நின்ற கால்கள்
இரண்டு தலையணை மேல்.
டியூப்லைட் போடாமல் நான் வேலை பார்க்க வேண்டும்,
அவள் தூங்க வேண்டும்,
அறை ஒன்றுதான். அதற்குத்தான் இத்தனையும்.

பி ஆறு என்று எழுதியிருந்தேன்.
பலகையின் வயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்தால்
செம்புத் தடம் ஒரு துளையைச் சுற்றி வளைந்து
பி ஏழுக்குப் போகிறது.
மாற்றினேன். எரிந்தது.
எரிந்தது என்றா சொல்வது:
அணை என்றால் எரிகிறது, எரி என்றால் அணைகிறது,
கூட்டினால் மங்குகிறது.
காந்தி ரோட்டு லாட்ஜில் மேனேஜர் தலையாட்டுவதை
ஆமா இல்லையா என்று புரியாமல் நிற்பார்களே
கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள்,
அப்படி நின்றேன் கொஞ்ச நேரம்.
டிரான்சிஸ்டர் வேறு ஜாதி. அவ்வளவுதான்.
ஒன்று என்றிருந்த இடத்தில் பூஜ்யம் போட்டேன்.

அறுபத்தொரு விளக்கில் அறுபது எரிந்தன.
நீளக் கால் கூட்டல், குட்டைக் கால் கழித்தல்;
ஞாயிறு சாயங்காலம் கண்ணில் வியர்வை விழுந்த நேரம்
ஒன்றை மாற்றிச் செருகிவிட்டேன் போல.
எஃப்.
தமிழில் அடித்தால் அதுதான் புள்ளி,
க-வை க் ஆக்குவது.

சாலிடரிங் அயர்ன் சூடாக நேரமெடுக்கும், விட்டுவிட்டேன்.
அதற்குப் பதில் வேண்டாத வேலை ஒன்று செய்தேன்:
வெளிச்சத்தை மூச்சுவிட வைத்தேன். ஒரே வரி.
கொக்கியில் தொங்கிய அவள் யூனிஃபார்ம்
தெரிந்தது, மறைந்தது,
தெரிந்தது.

‘பத்து.’
திரும்பாமலே சொன்னாள்.
‘இன்னாது?’
‘நிமிஷத்துக்குப் பத்து மூச்சு.
பன்னெண்டுக்குக் கீழ போனா
நான் யாரையாச்சும் கூப்புடணும்.’

கணக்குப் போட்டேன். ஒரு சுற்றுக்கு ஆறு வினாடி,
யாரோ எந்த ஊரிலோ உட்கார்ந்து வைத்த அளவு.
அந்த ஆளிடம் நுரையீரல் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
நாலாக்கினேன்.
எழுந்து உட்கார்ந்தாள்.
யூனிஃபார்மில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி
ஒரு முழு நிமிடம் எண்ணினாள்.
‘பதினஞ்சு. ம், இப்ப பரவால்ல.’
படுத்தாள். தூங்கவில்லை.

‘ஒம்பதாம் பெட்டு காலைல பத்துல இருந்தாரு.
ஆற்காட்டுக்காரரு.’
அதற்கு மேல் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

‘இத எடுத்துடேன்’ என்றாள் பிறகு.
‘ஓடுனா எண்ணிக்கிட்டே இருப்பேன்.’
‘நிறுத்திடட்டா?’
‘ஐயோ, நிறுத்தாத.’

முப்பத்தொரு படி வைத்திருந்தேன் பிரகாசத்துக்கு.
மூச்சை எடுத்துவிட்டு முதல் படியில் நிறுத்தினேன்,
ஏறாமல் இறங்காமல்.
எழுத்துகள் அரிசிக் கஞ்சியின் நிறத்தில்
அப்படியே இருந்தன.

இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்த சத்தத்தில் விழித்து
‘நின்னுடுச்சா?’ என்றாள்.
‘கரண்ட்தான்.’
லேப்டாப் பேட்டரியில் கீபோர்டு எரிந்துகொண்டிருந்தது.
தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.
‘நடுவுல ஒண்ணு கருப்பா கெடக்குதே,
அது யாரு?’

‘புள்ளி’ என்றேன்.
அதற்குள் தூங்கிவிட்டாள்.

அங்கே ஒரு சின்ன மேடு உண்டு,
விரல் தடவினால் தெரியும்.
வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம்
எதையும் அடிக்காமல் இருந்தேன்.